அடியில் தண்ணீர், மேலே செடி: வீட்டில் செய்யும் தொட்டி தேறுமா?

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் வாக்குறுதி இரண்டு. "வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்" என்பது ஒன்று. "தண்ணீர் பாதிக்குப் பாதி மிச்சம்" என்பது மற்றொன்று. அடியில் தண்ணீரைத் தேக்கி, அதைச் செடியே கீழிருந்து இழுத்துக்கொள்ளும்படி அமைத்த தொட்டி இந்த இரண்டையும் தரும் என்கிறார்கள். கடையில் 'செல்ஃப் வாட்டரிங் பாட்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் பழைய பெயிண்ட் பக்கெட், இருபது லிட்டர் தண்ணீர் கேன், மீன்கடைத் தெர்மாக்கோல் பெட்டி, ஒரு துண்டு பி.வி.சி. குழாய் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துத் தாங்களே செய்துகொள்கிறவர்கள்தான் இதன் உண்மையான ரசிகர்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததைப் பார்த்த சென்னைவாசிக்கு இந்த வாக்குறுதி இனிக்காமல் இருக்குமா? இனிக்கட்டும். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நான் எடைபோடுவது சென்னை மாதிரியான கடலோர ஊரின் மொட்டைமாடியில், வீட்டில் செய்து வைத்த தொட்டியை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கணக்கு வேறு.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு பக்கெட். வெளிப் பக்கெட்டின் அடியில் தண்ணீர் நிற்கும். உள் பக்கெட் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் அடிப்பாகத்தில் காற்றுக்காகச் சிறு துளைகள், நடுவில் பெரிய துளை ஒன்று. அந்தத் துளை வழியாக, சுற்றிலும் ஓட்டை போட்ட தயிர் கப் ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். கப் நிறையத் தென்னை நார்த்தூள், அதாவது கோகோபீட். தண்ணீர் மேலே ஏறுவதற்கு அது ஒன்றுதான் வழி. ஓரத்தில் ஒரு குழாய் மேலிருந்து அடிவரை போகும். தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும். வெளிப் பக்கெட்டின் பக்கவாட்டில், உள் பக்கெட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, மிகுதி நீர் வழிந்தோட ஒரு துளை. அவ்வளவுதான் சாதனம். டிரில் மெஷின் இருந்தால் ஒரு முற்பகலில் நாலைந்து செய்துவிடலாம்.

நீர் மேலே ஏறுவது நாம் பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம். துளையின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான் ஏறும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர் வரை ஏறும். தொட்டியின் வெற்றி தோல்வி பாதிக்கு மேல் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. கலவை கரடுமுரடாக இருந்தால் நீர் பாதிவழியில் நின்றுவிடும். களிமண்ணாக இருந்தால் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். வேருக்குக் காற்றும் கிடைக்காது. நார்த்தூள் இரண்டுக்கும் நடுவில் தோதாக அமைந்த பொருள். அதனால்தான் செம்மண், நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலக்கும் நம்மூர் மாடித் தோட்ட வழக்கம் இந்தத் தொட்டியில் எடுபடுவதில்லை. சாதாரணப் பையில் அந்தக் கலவை நன்றாகவே வேலை செய்யும். இங்கே செம்மண்ணின் நுண்துகள் கப்பின் ஓட்டை வழியாகத் தண்ணீரில் இறங்கிச் சேறாகப் படியும். உரம் அதிகமானால் எந்நேரமும் ஈரத்தில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும். நார்த்தூள் பாதிக்கு மேல், உரம் கால் பங்குக்குள், மீதிக்கு உமிக்கரியோ பெர்லைட்டோ என்று வைத்தால்தான் நீரும் ஏறும், காற்றும் புகும். நார்த்தூள் கட்டியை வாங்கியதும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு.

இன்னொரு வேடிக்கை. தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பரம்பரையாக ஒரு நம்பிக்கை. மண்ணியல்காரர்கள் அதை எப்போதோ மறுத்துவிட்டார்கள். நுண்ணிய கலவையில் உள்ள நீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. எல்லைக்கோட்டிலேயே தொக்கி நிற்கும். இதே காரணத்தால் ஜல்லி வழியாக நீர் மேலேயும் ஏறாது. இது தெரியாமல் நீரறைக்கும் கலவைக்கும் நடுவில் ஒரு அடுக்கு ஜல்லி பரப்பி, "வேர் அழுகாமல் இருக்க" என்று விளக்கமும் கொடுக்கிறவர்கள் உண்டு. ஏணியை எடுத்துவிட்டு மாடிக்கு வா என்கிற கதை.

இந்தத் தொட்டியின் பூர்வீகம் வயல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துத் தக்காளி வயல்களில், வாய்க்காலில் நீரை நிறுத்தி, நிலத்தடி நீர்மட்டத்தைப் பாத்திக்கு அருகில் வரும்வரை உயர்த்தி வைக்கும் பாசனமுறை நெடுங்காலமாக உண்டு. மேட்டுப்பாத்தியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்புக்குக் கீழே, பாத்தியின் மேற்பரப்பில், உரம் ஒரு பட்டையாகக் கிடக்கும். நீர் கீழிருந்து ஏறும், உரம் மேலிருந்து மெல்லக் கரைந்து பரவும், வேர் இரண்டுக்கும் நடுவில் தனக்குப் பிடித்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே தக்காளி விவசாயியாக இருந்த பிளேக் விசனன்ட் இந்த வயலைச் சுருக்கி ஒரு பெட்டிக்குள் அடைத்தார். 1990-களில் 'எர்த்பாக்ஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் வீட்டில் செய்யப்படும் பக்கெட் தொட்டிகள் பலவும் அதன் வழிவந்தவைதான்.

நகல் எடுத்தபோது தொலைந்தது எது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். நீரறையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மேல்மூடியை விட்டுவிட்டார்கள். நம் மாடிகளில் இருக்கும் பக்கெட்டுகளில் கலவைக்கு மேல் விரிப்பு போட்டதை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. "செடி மூச்சுத் திணறுமே" என்பார்கள். மூலக் கருவியில் விரிப்பு இரண்டு வேலை செய்கிறது. கீழிருந்து ஏறிவரும் நீர் மேற்பரப்பில் ஆவியாகிப் போவதைத் தடுக்கிறது. மழை உள்ளே இறங்கி உரப்பட்டையைக் கரைத்துக்கொண்டு போவதையும் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கீழே தண்ணீரும் மேலே வெயிலும் வைத்து நாள் முழுக்க ஆவியை ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு திரி.

இப்போது முதல் வாக்குறுதியைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இருபது லிட்டர் பக்கெட்டின் அடிவிட்டம் சுமார் 26 சென்டிமீட்டர். நீரறையின் உயரம் ஆறரை சென்டிமீட்டர் என்று கொண்டால் பிடிக்கும் தண்ணீர் மூன்றரை லிட்டர். கப் அடைக்கும் இடத்தைக் கழித்தால் அதற்கும் குறைவு. நன்றாக வளர்ந்து காய்த்து நிற்கும் தக்காளிச் செடி சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வரை குடிக்கும். கலவையில் உள்ள ஈரத்தையும் சேர்த்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. வாரம் ஒருமுறை என்பது நாற்று நட்ட முதல் சில வாரங்களுக்கு உண்மை, புதினாவுக்கு மார்கழியில் உண்மை. செடிக்குத் தண்ணீர் எப்போது மிக அதிகமாகத் தேவையோ அப்போது பொய். நீரறையைப் பெரிதாக்கினால் வேருக்கான இடம் குறையும், அல்லது தொட்டியே பெரிதாக வேண்டும். இருநூறு லிட்டர் நீல டிரம்மை நெடுக்குவாட்டில் அறுத்துச் செய்கிறவர்களுக்கு வாரக் கணக்கு ஓரளவு வரலாம். ஆனால் அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. கெமிக்கல் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் அதில் வெண்டைக்காய் வேண்டாம்.

பெரிதாக்கும் ஆசைக்குக் கூரையும் ஒரு வரம்பு வைக்கிறது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ, கூடுதல் சுமை என்பது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு. ஈரக் கலவை, தண்ணீர், செடி எல்லாம் சேர்ந்து ஒரு பக்கெட் இருபது கிலோவை நெருங்கும். சதுர மீட்டருக்கு ஒன்பது பக்கெட்டை நெருக்கி வைத்தால் 180 கிலோ. சுவர் ஓரமாக, கீழே பீம் போகிற வரிசையில் பரப்பி வைத்தால் கவலையில்லை; நடுமாடியில் குவிப்பது வேண்டாம். தொட்டிக்குச் சாதகமான செய்தியும் இதே இடத்தில் உண்டு. சாதாரணப் பைகளிலிருந்து தினமும் சொட்டும் உரநீர் தட்டோட்டின் இணைப்புகளில் ஊறி, பாசி பிடித்து, கூரைக் கசிவுக்கு வழிசெய்யும். அடிநீர்த் தொட்டியில் அந்தத் தினசரிச் சொட்டு இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சின்ன லாபம் அல்ல.

இரண்டாவது வாக்குறுதி, தண்ணீர் மிச்சம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். செடி வேர்வழியாக எடுத்து இலைவழியாக விடும் தண்ணீர் எந்தத் தொட்டியில் வைத்தாலும் அதேதான். தொட்டியை மாற்றினால் செடியின் தாகம் குறையாது. மிச்சப்படுத்த முடிவது இரண்டைத்தான்: அடியில் வடிந்து வீணாவது, மேற்பரப்பில் ஆவியாவது. முதலாவதை இந்தத் தொட்டி நன்றாகவே தடுக்கிறது. ஆனால் சாதாரணத் தொட்டியின் கீழே ஒரு தட்டு வைத்தாலும் அதில் பெரும்பகுதி தடுக்கப்படும். இரண்டாவதை, சொன்னபடி, விரிப்பு இல்லாத தொட்டி தடுப்பதே இல்லை. மேலிருந்து ஊற்றும் தொட்டியில் மேல்மண் அவ்வப்போது காய்ந்து தானே ஒரு மூடிபோல ஆகிவிடும். கீழிருந்து இழுக்கும் தொட்டியில் மேற்பரப்பு ஈரம் காயாமல் இருந்தால் ஆவியும் ஓயாது. ஆக, ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு போனில் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறவருக்கு இந்தத் தொட்டி கணிசமாக மிச்சம் காட்டும். சொம்பில் அளந்து ஊற்றி, காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டு, அடியில் தட்டும் வைத்திருக்கும் பாட்டிக்கு ஒன்றும் காட்டாது. மிச்சத்தின் அளவு ஊற்றுகிறவரின் பழைய பழக்கத்தைப் பொறுத்தது.

அப்படியானால் இதில் லாபமே இல்லையா? இருக்கிறது. சீரான ஈரம். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கி அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சியால் வருவதில்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும், ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக நின்றால் அது காய்வரை போவதில்லை. அடிநீர்த் தொட்டி இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. மூலப் பெட்டியில் டாலமைட் சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். நார்த்தூள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளதால் நமக்கும் அது தேவை. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் அது கரைவதற்குள் அறுவடை முடிந்துவிடும். உரக்கடையில் ஜிப்சம் கேளுங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புகிறவரின் செடி உயிரோடு இருப்பது இன்னொரு லாபம். காலையில் அவசரமாக வேலைக்கு ஓடும் வீடுகளில் தண்ணீர் ஊற்ற மறந்ததால்தான் பாதிச் செடிகள் செத்திருக்கும். அந்த மறதியை இந்தத் தொட்டி ஓரிரு நாள் தாங்கும்.

இனி இந்தத் தொட்டியின் பெரிய பலவீனத்துக்கு வருகிறேன். உப்பு. அதைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொட்டியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது என்பது என் கருத்து.

சாதாரணத் தொட்டியில் நாம் வீண் என்று நினைக்கும் அந்த வடிநீர் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது: உப்பை வெளியே கொண்டுபோகிறது. அடிநீர்த் தொட்டியில் நீர் ஒரே திசையில், கீழிருந்து மேலே மட்டும் போகிறது. செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பின் பெரும்பகுதியை விட்டுவிடும். ஆவியாகும் நீரும் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். கணக்குப் போடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. 1,200 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடலோரப் பகுதியில் இது அதிசயமில்லை. மூன்று மாதப் பயிருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 135 லிட்டர். அதில் வரும் உப்பு 162 கிராம். அதில் பாதியைச் செடி எடுத்துக்கொண்டது, அல்லது கரையாத சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது என்று தாராளமாகக் கழித்தாலும் 80 கிராம் மிச்சம். கலவையில் இருக்கும் ஈரம் ஆறு லிட்டர் என்றால், லிட்டருக்கு 13 கிராம். கடல்நீரில் இருப்பது 35. ஒரே பருவத்தில் ஒரு பக்கெட்டின் ஈரம் கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு உப்பைத் தாண்டுகிறது. தக்காளி ஓரளவு உப்பைத் தாங்கும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (மீட்டருக்கு டெசிசீமென்ஸ் கணக்கில்) 2.5-ஐத் தாண்டும்போதுதான் அதன் விளைச்சல் சரியத் தொடங்கும். குடைமிளகாய் ரகங்களுக்கு அந்த வரம்பு 1.5, பீன்ஸுக்கு 1 என்று உவர்நில ஆய்வுகளின் அட்டவணைகள் சொல்கின்றன.

நல்ல காலம், இந்த உப்பு முழுக்க வேரைச் சுற்றியே கிடப்பதில்லை. நீரோடு மேலே ஏறி மேற்பரப்பில் படிகிறது. பருவம் முடிந்த பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஒரு விரல்கடை கனத்துக்கு நார்த்தூள் இறுகி, அதன்மேல் வெள்ளையாகப் பொரிந்த படலம். நாக்கில் வைத்தால் கரிக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பட்டை லேசாகக் கருகியிருக்கும். நடுப்பகுதி வேர் நன்றாகவே இருக்கும். கீழே தயிர் கப்பைச் சுற்றி வெள்ளை வேர் சல்லடையாகப் பின்னியிருக்கும். அதனால்தான் முதல் போகத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அப்புறம் கோடை நடுவில் ஒரு சிறு தூறல் விழும். மேலே படிந்திருந்த உப்பு கரைந்து நேராக வேருக்கு இறங்கும். மழை பெய்த மறுநாள் செடி வாடி நிற்கும். "தண்ணீர் போதவில்லை போல" என்று குழாயில் இன்னும் ஊற்றுவார்கள்.

தீர்வு இல்லாமல் இல்லை. வெளிப் பக்கெட்டின் அடிமட்டத்தில், நீரறையை முழுக்கக் காலிசெய்யும்படி ஒரு வடிகால் துளையும் அதற்கு ஒரு அடைப்பானும் வேண்டும். பழைய வாட்டர் ஃபில்டரின் குழாய் இருந்தால் அதையே பொருத்தலாம். மாதம் ஒருமுறை, மேல்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடைப்பானைத் திறந்து, மேலிருந்து நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவ வேண்டும். பக்கவாட்டுத் துளை மட்டும் இருந்தால் இது நடக்காது. உப்பு நீர் அடியிலேயே தங்கி மறுபடி மேலே ஏறும். வீட்டுத் தயாரிப்புகளில் நான் பார்த்தவரை எல்லோரும் விட்டுவிடுவது இந்த அடித்துளையைத்தான். கூடவே ஒன்று: ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தரையில் உள்ள வாழைக்கு ஊற்றுங்கள். இந்தத் தொட்டிக்கு வேண்டாம். வந்த தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். இதற்கு நேர்மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவிலேயே பல லிட்டர் சேரும். இந்தத் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணீர் கிடையாது.

அடுத்த குற்றச்சாட்டு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பாத்திரங்களில் தேங்கிய தெளிந்த நீர், அதுவும் இருட்டாக நிழலாக இருந்தால், அதற்கு உகந்த இடம். நாம் கட்டிக்கொடுத்திருக்கும் நீரறை அதேதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையை நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை காயப்போட்டால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செருகிய பக்கெட்டில் செடியைத் தூக்காமல் அது முடியாது. எனவே கொசுவை உள்ளே போகவே விடக்கூடாது. ஊற்றும் குழாய்க்கு இறுக்கமான மூடி. வழியும் துளைக்கு உள்பக்கமாகக் கொசுவலைத் துணி. இரண்டு பக்கெட்டும் சேரும் விளிம்பில் இடைவெளி இருந்தால் அங்கும் துணி. மாநகராட்சிப் பணியாளர் வீடு வீடாக வந்து கொசுப்புழு பார்க்கும் ஊரில், தொட்டி வரிசையை வைத்து அபராதம் கட்டுவது கௌரவமும் இல்லை. அபராதத்தை விடுங்கள்; பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருமானால் எந்தத் தக்காளியும் அதற்கு ஈடில்லை. வலை கட்டாத தொட்டி எவ்வளவு நன்றாகக் காய்த்தாலும் என் கணக்கில் தோல்வி.

இயற்கை உரக்காரர்கள் கவனிக்க ஒரு செய்தி. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஆகியவற்றைக் குழாய் வழியாக நீரறைக்குள் ஊற்றினால் காற்றில்லாத தேங்கிய நீரில் அவை அழுகிக் குடலைப் புரட்டும். வேரும் நாசமாகும். மேலே தெளிக்கலாம், இலைக்கு அடிக்கலாம், குழாயில் வேண்டாம். மழைக்காலமும் இப்படித்தான். 30 சென்டிமீட்டர் வாயுள்ள பக்கெட்டில் 100 மில்லிமீட்டர் மழை என்பது ஏழு லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது ஒரே நாளில் பெய்யும், அடுத்த நாளும் பெய்யும். வழியும் துளையின் வலை சருகால் அடைபட்டால் கலவை முழுக்க நீரில் நிற்கும். அந்த மாதங்களில் அடித்துளையைத் திறந்தே வைத்து, சாதாரணத் தொட்டியாகவே நடத்துவதுதான் புத்திசாலித்தனம். சேர்ந்த உப்பும் செலவில்லாமல் கழுவிப்போகும்.

எந்தச் செடிக்கு இது? தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நன்று. புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணிக்கு மிக நன்று, ஈரம்விரும்பிகள் அவை. கீரைக்கு வேண்டாம். தூவிய விதை முளைக்க மேல்மண்ணில்தான் ஈரம் வேண்டும். மேலிருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால் நீரறை எதற்கு? மூன்று நாலு வாரத்தில் பறித்துவிடும் தண்டங்கீரைக்கு ஆழமற்ற தட்டு போதும். கறிவேப்பிலை, மல்லிகை மாதிரி வருடக்கணக்கில் நிற்கும் செடிகளுக்கும் வேண்டாம். வேர் கப்பை நிறைத்து, நீரறைக்குள் இறங்கி, குழாயையும் அடைக்கும். நார்த்தூளும் இரண்டு மூன்று வருடத்தில் மக்கி இறுகும். இஞ்சி, மஞ்சள் கிழங்கு அழுகும். சித்திரை, வைகாசியில் தக்காளி பூத்துக் கொட்டினால் தொட்டியைத் திட்டாதீர்கள். பகல் வெப்பமும் இரவுப் புழுக்கமும் ஒரு அளவைத் தாண்டினால் மகரந்தம் வேலை செய்யாது; எவ்வளவு சீராகத் தண்ணீர் கொடுத்தாலும் காய் பிடிக்காது.

இதற்கு மாற்று என்று வைத்துப் பார்க்க வேண்டியது, மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பும் முறை. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த வேளாண் நூலில் அதற்குக் குறிப்பு உண்டு. நம்மூரிலும் மரக்கன்றுகளுக்குச் செய்கிறார்கள். மெருகிடாத பானையின் சுவர்வழியே, மண் காயக் காய நீர் கசியும். டிரில் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். வாயை மூடினால் கொசுவும் இல்லை. ஆனால் இருபது லிட்டர் பையில் பானை வைத்தால் வேருக்கு இடம் ஏது? உப்புநீரில் சுவரின் துளைகளும் நாளடைவில் அடைபடும். தரைத் தோட்டத்திலும் பெரிய தொட்டியிலும் பானை ஜெயிக்கிறது. மாடிப் பக்கெட்டில் அடிநீர்த் தொட்டிதான் ஒரு படி மேல். பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் அறுத்துக் கவிழ்த்துத் திரி போடும் வகையை நான் போட்டியில் சேர்க்கவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு அது அழகு. பருத்தித் திரி ஒரு பருவத்துக்குள் மக்கிவிடும், வளர்ந்த செடி குடிக்கும் வேகத்துக்குத் திரி இழுக்கவும் செய்யாது.

காசு கொடுத்து வாங்குவதா, வீட்டில் செய்வதா என்றால், தயங்காமல் வீட்டில் செய்வது. கடைத் தொட்டிகளில் பல, மேசைமேல் வைக்கும் அலங்காரச் செடிக்கானவை. நீரறை சிறியது, அடித்துளை இருக்காது. வீட்டில் செய்தால் அந்தத் துளையை நாமே போட்டுக்கொள்ளலாம். ஊறுகாய், வனஸ்பதி வரும் ஓட்டல் பக்கெட் கிடைத்தால் பெயிண்ட் பக்கெட்டை விட மேல். ஒளி ஊடுருவும் தண்ணீர் கேன் என்றால் வெளிப்புறம் சாக்கு சுற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும். கறுப்புப் பக்கெட்டை மேற்கு வெயிலில் தனியாக நிறுத்தாதீர்கள், வேர் வெந்துபோகும்.

என் தீர்ப்பு இது. தண்ணீர் மிச்சப்படுத்தும் கருவி என்ற பட்டத்தை இந்தத் தொட்டி விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மூடாக்கும் அளவான கையும் போதும். இரண்டு மூன்று நாள் ஆளில்லாமல் செடியைக் காப்பாற்றவும், தக்காளிக்குச் சீரான ஈரம் கொடுக்கவும் இது நல்ல கருவி. மழைநீரோ, ஏ.சி. தண்ணீரோ, உப்புக் குறைந்த மெட்ரோ தண்ணீரோ கைவசம் உள்ளவர்கள் மேல்விரிப்பு, அடித்துளை, கொசுவலை மூன்றோடும் செய்துகொள்ளலாம். மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவிடுவதாக இருந்தால் சாதாரணப் பையே மேல். முழுக்க போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் பக்கெட்டில் துளை போடுவதற்கு முன்னால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் காட்டினால் இந்த முயற்சி வேண்டாம். பழைய முறையிலேயே மேலிருந்து ஊற்றி, அடியில் வடியவிடுங்கள்.